சிவப்பு வளையம்

வீட்டின் பின்புறத்தில், துணிக்கொடியின் நிழலில், போர்வெல் மெக்கானிக் குந்தியிருக்கிறார். எதிரே ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாய். பத்து வருஷத்துக்கு முன்னால் அதை இறக்கியவர் அவர்தான். அன்று சிமெண்டுத் தரையோடு ஒட்டி அவர் அடித்த சிவப்புப் பெயிண்ட் வளையம் இன்று தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வெயிலில் மினுங்குகிறது. விரலை விரித்து அளக்கிறார். நம்பாமல் மறுபடி அளக்கிறார். “பாத்தீங்களா தம்பி, சோறு போடாமலே வளருது!” வீட்டுக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே ஈரப் புடவையை உதறுகிறாள். “போக வர காலை இடிக்குது. பேசாம அறுத்து விட்டுடுங்க.” ரம்பம் பையிலேயே கிடக்கிறது. குழாயைச் சுற்றித் தரை விட்டிருக்கும் இடுக்கில் அவர் சுண்டுவிரலை நுழைக்கிறார். அது முழுசாக உள்ளே போகிறது. “குழாய் வளரலைக்கா. அது அடியில பாறையில ஊனி நிக்குது. தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச, தரைதான் கீழ போயிட்டிருக்கு.” புடவை பாதி உதறலில் நிற்கிறது. அவள் கண் தரையிலிருந்து சமையலறைப் படிக்கும், படியிலிருந்து மூன்று மாடிச் சுவருக்கும் மெல்ல ஏறுகிறது. பக்கத்து வீட்டில் மோட்டார் உறுமத் தொடங்குகிறது. அதற்கடுத்த வீட்டில் இன்னொன்று. மாடியிலிருந்து மருமகளின் குரல் வருகிறது: “அத்தை, குழாயில தண்ணி நின்னுடுச்சு!” அம்மாள் மெக்கானிக்கைப் பார்க்கிறாள். “இன்னைக்கு ஒரு நாள்தானே தம்பி,” என்று முணுமுணுத்தபடி மோட்டார் சுவிட்சைத் தட்டுகிறாள். மெக்கானிக்கின் இரண்டு கைகளும் தாமாகவே போய்க் குழாயை இறுகப் பிடித்துக்கொள்கின்றன.