பாறையூர் பார்வையாளர்கள்

மரகதம் தினமும் போனை ஸ்டாண்டில் மாட்டி, நேரலையில் சேலை விற்பாள். பார்க்கத்தான் ஆளில்லாமல் இருந்தது. விளம்பர வேலையைச் சாதிக் என்ற இளைஞனிடம் ஒப்படைத்த ஒரே வாரத்தில் கூட்டம் நானூற்றைத் தாண்டியது. அவனுக்கே அது வியப்பாக இருந்தது. லேப்டாப்பில் வரைபடத்தைத் திறந்து காட்டினான்.

“அக்கா, முக்காவாசிப் பேரு பாறையூருல இருந்து பாக்குறாங்க. அந்த ஊருக்கு நான் விளம்பரமே போடலை.”

“பாறையூரா? எங்கம்மா பொறந்த ஊரு தம்பி அது. அணை கட்டுனப்பவே தண்ணிக்குள்ள போயிருச்சே.”

வரைபடத்தில் அந்தப் புள்ளி நீர்த்தேக்கத்தின் நட்டநடுவில் இருந்தது. ஏதோ கோளாறு என்று சொல்லி அவன் லேப்டாப்பை மூடினான்.

அன்று மாலை நேரலையில் மஞ்சள் சேலை ஒன்றை விரித்தபோது, மரகதத்தால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “பாறையூருல இருந்து யாராச்சும் பாக்குறீங்களா?”

திரையின் அடியிலிருந்து இதயக்குறிகள் கொத்துக்கொத்தாக மிதந்து மேலே வந்தன. அவற்றுக்கிடையே ஒரு கேள்வி வந்தது. “இந்தச் சேலை சாயம் போகுமாங்க?”

“போகவே போகாதுங்க. தைரியமா வாங்கலாம்.”

“எத்தன வருசம் ஊறுனாலுமா?”

போனுக்குப் பின்னால் நின்று லேப்டாப்பில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த சாதிக்கின் முகம் வெளிறியது. “ஆஃப் பண்ணிருங்கக்கா,” என்றான் மெதுவாக.

மரகதத்தின் கை போன்வரை போய் நின்றது. பிறகு அவள் சேலையை மடியில் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தாள்.

“நீங்க யாரு வீட்டுப் பொண்ணுங்க?”