துறைமுகத்துக்கு ஒரு வாக்கு

போர் தொடங்கியதிலிருந்து, எதிரி நாட்டின் இன்ன ஊரை அடுத்துத் தாக்கலாமா என்று அரசு மக்களிடமே கேட்டது. வாக்களிக்காத வீட்டுக்கு ரேஷன் கிடையாது. அன்று தூத்துக்குடியில் அமலோற்பவத்தின் கைபேசியில் வந்தது, தங்கை ஜெசிந்தா வாழ்க்கைப்பட்டுப் போன துறைமுகம். 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டுத் தங்கையை அழைத்தாள்.

"ஏட்டி, பிள்ளையளக் கூட்டிட்டு உடனே கெளம்பு."

"இங்கயும் ஓட்டுக் கேட்டாவக்கா. தூத்துக்குடிய அடிக்கலாமான்னு."

"நீ என்ன போட்ட?"

"வேண்டாம்னுதான். ஆனா இவுக வேணும்னு போட்டுட்டாவ." ஜெசிந்தா அழுதாள். "அத்தான் என்ன போட்டாவ?"

அமலோற்பவம் கணவனைப் பார்த்தாள். அவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அவுகளும் வேண்டாம்னுதாம்டி போட்டாவ," என்றாள். "நீ மொதல்ல கெளம்பு."