அரிசியில் கோதுமை

பொறுக்கின அரிசியையே மறுபடி மறுபடி பொறுக்கச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

சிவ்யோவுக்கு வந்தது.

"இன்னையோட மூணு நாள் ஆச்சு அண்ணி! குழந்தை தூங்குற ரெண்டு மணி நேரந்தான் எனக்குன்னு இருக்கு. அதையும் இந்த அரிசிக்கே குடுத்துட்டு உக்காந்திருக்கேன்."

நாத்தனார் இஸ்தாம் அசையவில்லை. முற்றத்துக் கட்டிலில் சாய்ந்தபடி பச்சைத் தேநீரை ஊதி ஊதிக் குடித்தாள்.

"பெசாக் பண்டிகை வருதுல்ல? எட்டு நாளும் ஒரு கோதுமை மணி வாயில படக்கூடாது. அரிசியை மூணு தடவை பார்க்கணும். எந்தத் தடவை கோதுமை தட்டுப்பட்டாலும் மறுபடி ஒண்ணுல இருந்து. நம்ம வீட்டுச் சட்டம்."

"சட்டம் பேசுறவங்க ஒரு பிடி பொறுக்கிக் குடுக்கலாமே?"

"எனக்குக் கண்ணு மங்கல்."

வெள்ளைத் துணியின் எதிர்ப்பக்கம் மசோல் உட்கார்ந்திருந்தாள். சிவ்யோவின் ஓரகத்தி, மூத்தவர் மனைவி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அரிசியையே பார்த்தாள்.

இருவருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சில்லை.

போன பெசாக்கின்போது கொத்துமல்லித் தழை போட்டு சிவ்யோ ஆக்கிய பச்சைச் சோற்றை, இருபது விருந்தாளிகள் முன்னால், "ஆட்டுக்கு வைக்கிற தழை மாதிரி இருக்கு" என்று மசோல் சொல்லிவிட்டாள். சமர்கந்து யூதர் வீடுகளில் ஒருத்தியின் சோற்றைக் குறை சொல்வதும் அவள் பிள்ளையைக் குறை சொல்வதும் ஒன்றுதான்.

அன்றைக்கு மூடியது சிவ்யோவின் வாய். ஒரே முற்றம், எதிரெதிர் கதவு. துணி காயப்போடும் கயிறு கூட இரண்டாகிவிட்டது. இந்த வருஷம் பண்டிகை விருந்தும் தனித்தனி என்று முடிவாகிவிட்டது. அண்ணனும் தம்பியும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டார்கள்.

"தாராளமா தனித்தனியா வச்சுக்குங்க, யாரு வேண்டாம்னா?" என்றாள் இஸ்தாம். "ஆனா அரிசி ஒரே மூட்டை. ரெண்டு பேரும் சேர்ந்து பொறுக்கிட்டு, அப்புறம் பாதிப் பாதியாப் பிரிச்சுக்குங்க."

முதல் நாள் இருவரும் தலையே நிமிர்த்தவில்லை. இரண்டு தடவை முடித்து மூன்றாம் தடவையில் மசோல் பக்கம் இரண்டு கோதுமை. எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். ஒவ்வொரு தடவையும் போல இஸ்தாமே வந்து அரிசியை வாரிக் குவித்தாள்.

"ம். மறுபடி ஒண்ணு."

இரண்டாம் நாளும் ஒரு கோதுமை.

"கடையில எந்த லட்சணத்துல அரிசி வாங்கினாங்களோ!" என்று சிவ்யோ வானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"வாங்கினது உங்க அண்ணிதான்" என்று மசோலும் வானத்துக்கே பதில் சொன்னாள்.

ஒரு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு.

இன்றைக்கு மூன்று கோதுமை. சிவ்யோவால் தாங்க முடியவில்லை.

"பாருங்களேன், மகாராணி மாதிரி படுத்துக்கிட்டு!"

"மெதுவாடி, காதுல விழப்போகுது."

"விழட்டும். கண்ணுதானே மங்கல்?"

மசோல் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். அது மூக்கு வழியாக வெடித்து, முன்னால் இருந்த அரிசி நாலு பக்கமும் பறந்தது. இருவரும் முழங்காலில் தவழ்ந்து பொறுக்கினார்கள்.

தவழ்ந்த இடத்திலேயே மசோல் சொன்னாள். "அன்னிக்கு உன் சோறு நல்லாத்தான்டி இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் மூணு தட்டு சாப்பிட்டார். என் கையால ஆக்கினதை ஒருநாளும் அப்படிச் சாப்பிட்டதில்ல. எனக்கு வயிறு எரிஞ்சுது."

"இதைச் சொல்ல ஒரு வருஷமா அக்கா?"

"வாய் வரலடி."

"ஆட்டுத் தழைன்னு சொல்ல மட்டும் வந்துச்சாக்கும்!"

அதற்குப் பிறகு பொறுக்கினார்களா, பேசினார்களா என்று சொல்ல முடியாது. குழந்தைக்குப் பல் முளைத்தது, மசோலின் முட்டி வலி, சிவ்யோவின் தங்கைக்கு வந்த மாப்பிள்ளை, எல்லாம் அந்தத் துணிக்கு மேலே ஓடியது. மறுநாள் மத்தியானம் மூன்று தடவையும் முடிந்தன. ஒரு கோதுமை கூட இல்லை.

"முடிஞ்சுதா? சரி, ரெண்டு பை கொண்டாங்க, பிரிச்சுக் கட்டிடலாம்" என்றாள் இஸ்தாம்.

சிவ்யோ எழுந்து இடுப்பில் கை வைத்தாள். "பையெல்லாம் வேண்டாம் அண்ணி. ஒரே கொப்பரைதான். முற்றத்து நடுவுல வைக்கப் போறோம். தழை நான் நறுக்குறேன், கறியும் ஈரலும் அக்கா பார்த்துப்பாங்க. நீங்க என்ன சட்டம் சொன்னாலும் சரி, இனிமே இந்த அரிசியைப் பிரிக்க மாட்டோம்."

இஸ்தாம் முகம் மலர்ந்தது. இரண்டு பேர் கன்னத்தையும் பிடித்து மாறி மாறி முத்தம் கொடுத்தாள். பிறகு கோதுமை கிடந்த கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். மலர்ந்த முகம் அப்படியே வாடியது.

"ஆறுதானா?"

"ஆறுதான் அண்ணி."

"நல்லா எண்ணிப் பாருங்கடி."

"எத்தனை தடவை எண்ணினாலும் ஆறுதான். இப்ப என்ன அதுக்கு?" என்றாள் மசோல்.

இஸ்தாம் தன் கோட்டுப் பையை வெளியே இழுத்து உதறினாள். ஒன்றும் விழவில்லை. தொப்பென்று துணி ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிட மாட்டீங்களான்னு, வாரிக் குவிக்கிறப்போ நான் ஏழு போட்டேன்டி. கோவிச்சுக்காதீங்க கண்ணுங்களா, இன்னும் ஒரே ஒரு தடவை பொறுக்கிடுங்க!"