சுருக்கம் விழாத பாய்

காற்று ஊளையிட்ட அன்று, கடலில் பாய் விரித்து ஓடும் சறுக்குப் பலகை கரையிலேயே கவலைப்பட்டது. ஏறி நிற்கப் போகிறவள் சின்னப் பெண். அவள் பூட்டியதோ இருப்பதிலேயே பெரிய பாய்.

“அண்ணே, அவ அடிக்கயிற்றை இழுத்துக் கட்டுறப்போ விறைக்காதீங்க. உங்க தலைப்பக்கம் தளர்ந்தாத்தான் மிச்சக் காத்து வழிஞ்சு போகும்,” என்று பலகை கெஞ்சியது.

“தளர்ந்தா சுருக்கம் விழும்டி! கரையில அத்தனை பேரும் பார்க்கிறாங்க,” என்று பாய் விறைத்துக்கொண்டது.

கடலில் இறங்கியதும் காற்றின் ஒரே வீச்சுதான். பலகை அந்தரத்தில் புரண்டு தொப்பென்று விழுந்தது. முதுகில் பெண்ணைக் காணோம். ஐயோ, எங்கே போனாள்?

அலைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு விளிம்பைப் பற்றிய பிறகே பலகைக்கு உயிர் வந்தது.

பக்கத்தில் நனைந்து கிடந்த பாய் பலகையிடம் மெல்லக் கேட்டது: “எங்கேயாவது சுருக்கம் விழுந்திருக்கா, பாரும்மா?”