மஸ்கட்டிலிருந்து வந்த ஆய்வு

"கொஞ்சம் கிட்ட கொண்டு போங்க மேடம்" என்றார் கிங்ஸ்லி.

ஜெபமலர் கைப்பேசியைச் சல்லடைக்கு நேர் மேலே பிடித்தாள். திரையின் மூலையில், மஸ்கட்டில் உட்கார்ந்திருந்த அவருடைய முகம் சின்னதாகத் தெரிந்தது. வெள்ளைச் சட்டை, நீல நிற டை, பின்னால் வெறும் சுவர்.

சல்லடையில் முருங்கையிலைப் பொடி.

இலத்தூருக்குச் சாலை பிரியும் விலக்கைத் தாண்டி இருந்த அந்தத் தகரக் கொட்டகையை ஜெபமலர் ஆறு வருடங்களுக்கு முன் தொடங்கியிருந்தாள். இலையைக் கழுவி, உலர்த்தி, அரைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில்.

கிங்ஸ்லிக்குச் சொந்த ஊர் கடையம். மஸ்கட்டில் உணவுப்பொருள் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் கொள்முதல் மேலாளர். பெரிய ஆர்டர் கொடுப்பதற்கு முன் அவர் நேரில் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம்.

வருவதற்கு அவர் டிக்கெட் போடாமல் இல்லை. முதல் தடவை கொரோனா ஊரடங்கால் விமானமே பறக்கவில்லை. அடுத்த தடவை, வந்து இறங்கினால் இரண்டு வாரம் அடைந்து கிடக்க வேண்டும் என்றார்கள். அதையும் ஒப்புக்கொண்டு கிளம்பியபோது, இந்தியாவுக்குப் போனவர்களைத் திரும்ப உள்ளே விடமாட்டோம் என்று ஓமானில் உத்தரவு வந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் இறங்கி இந்தப் பக்கம் வருவதற்குக் கேரள எல்லையில் புளியரை சோதனைச் சாவடியில் இ-பாஸ் வேறு, சளிப் பரிசோதனை வேறு. ஒரு விதியைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் அது மாறிக்கொண்டிருந்தது.

கப்பல் வாடகை பல மடங்கு ஏறியிருந்தது. வழக்கமாக வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மனிக்காரர்கள் மெயிலுக்குப் பதில் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். ஜெபமலருக்கு மிச்சமிருந்தது மஸ்கட் மட்டும்தான்.

கடைசியில், வீடியோவிலேயே பார்த்துவிடலாம் என்று முடிவாகி, தேதியும் குறித்தார்கள்.

கிங்ஸ்லி எதையும் லேசில் விடவில்லை. இலை கழுவும் தொட்டியைக் காட்டச் சொன்னார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். உலர்த்தும் இயந்திரத்தைத் திறந்து, தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டச் சொன்னார். கூரை ஓரமாகச் சாரல் உள்ளே அடிக்கிறதா என்றுகூடப் பார்த்தார்.

வெளியே ஆனிச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. சீசன் நேரம்தான். ஆனால் அருவிகளில் குளிக்கத் தடை இருந்ததால் குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் இல்லை. சாலை சத்தமில்லாமல் கிடந்தது.

சிக்னல் விட்டுவிட்டு வந்தது. திரையில் அவர் முகம் உறைந்து நின்ற ஒவ்வொரு தடவையும் ஜெபமலர் வாசல் பக்கம் நகர்ந்து நின்றாள்.

சந்தனமாரியும் ரெங்கம்மாளும் இன்னும் சில பெண்களும் தொப்பி, கையுறை, முகக்கவசத்தோடு நின்று வேலை செய்தார்கள். அவர்களோடும் அவர் பேசினார். காலையில் எப்போது வருவீர்கள், சாப்பாட்டுக்கு நேரம் விடுகிறார்களா என்று விசாரித்தார். சந்தனமாரி பாடம் ஒப்பிக்கிறவளைப் போல மூச்சுவிடாமல் பதில் சொன்னாள்.

கைப்பேசியைப் பிடித்துப் பிடித்து ஜெபமலருக்குக் கை மரத்துப்போனது.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒருவழியாக அவர் சொன்னார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆர்டர் எப்போது வரும் சார் என்று ஜெபமலர் கேட்டாள்.

மறுபடியும் சிக்னல் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தாள். இல்லை, அவர் கண் இமைத்துக்கொண்டுதான் இருந்தார். கையை மேலே கொண்டுபோய் டையைத் தளர்த்தினார்.

"அக்கா, கொஞ்சம் தனியா வாங்க."

அதுவரை அவர் மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜெபமலர் வெளியே வந்து தகரத்தின் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"போன மாசமே என்னைய வேலைய விட்டு எடுத்துட்டாவக்கா. கம்பெனில பாதிப் பேரு இல்ல. ஆர்டர்லாம் வராது."

அப்படியானால் இவ்வளவு நேரம் இதெல்லாம் எதற்கு என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருக்க வேண்டும். குரலில் கோபம் வரவில்லை.

அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் போனைக் கையில் எடுத்தாராம். ஊருக்குத் திரும்ப விமானம் கிடைக்கவில்லை. வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை. அறையில் கூட இருப்பவர்கள் வேலைக்குப் போன பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குறித்து வைத்திருந்த தேதி வந்தது. காலையில் எழுந்து சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டபோது, ஒரு நாளாவது வேலை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியதாம்.

மழை கொஞ்சம் வலுத்தது. தன்னால் அத்தனை பேருடைய ஒரு நாள் வேலை கெட்டுப்போனது என்று அவர் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார்.

ஜெபமலர் உள்ளே எட்டிப் பார்த்தாள். பெண்கள் கையில் எடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்து நின்றார்கள்.

"இங்கன வேலையே இல்ல தம்பி. சித்திரையிலேயே பூட்டியாச்சு. நீங்க பாக்கணும்னு இன்னைக்கு ஒரு நாளு வந்திருக்காவ. கூலி வேண்டாம்னுட்டாவ."

கிங்ஸ்லி தளர்த்தியிருந்த டையை மறுபடி இறுக்கிக்கொண்டார்.

எல்லாரும் நல்லா செஞ்சாவன்னு சொல்லிருங்கக்கா என்று பிறகு மெதுவாகச் சொன்னார்.

ஜெபமலர் உள்ளே போய் முதலில் அதை மட்டும் சொன்னாள்.