பாரிஸ் சம்பந்தி

சுவர் முழுக்க ஒரு ஆளின் முதுகுதான் இருந்தது.

இதைப் பார்க்கவா துபாய் கராமாவிலிருந்து டாக்ஸி பிடித்து, பட்டுப் புடவை கட்டி, நெய் சொட்ட இரண்டு கிலோ தம்ரூட் இனிப்பு செய்து எடுத்துக்கொண்டு வந்தோம் என்று எனக்கு ஒரே எரிச்சல்.

படத்தில் பனியன் போட்ட ஒருவர் குனிந்து தட்டு கழுவிக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. பக்கத்தில் எச்சில் தட்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தன.

படம் எடுத்தவள் நஸீஹா. என் மகனுக்குப் பேசி முடித்திருக்கும் பெண்ணின் லாத்தா, அவளுக்கு மூத்தவள். பாரிஸில் பிறந்து வளர்ந்தவள். அவள் எடுத்த படங்களை அல்கூஸ் பக்கம் ஒரு குடோனை வெள்ளையடித்துக் கண்காட்சியாக மாட்டியிருந்தார்கள். மகளோடு துபாய் வந்திருந்த வாப்பா ஹசன் அலி, சம்பந்தி வீடு என்று எங்களையும் அழைத்திருந்தார்.

ஹசன் அலி என்றால் லேசுப்பட்ட ஆளா? பாரிஸில் இரண்டு ரெஸ்டாரண்டுக்கு முதலாளி. காரைக்காலில் பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள வீட்டில் பெண் எடுப்பது சும்மாவா? அடுத்த மாதம் நிக்காஹ். என் மச்சிமார்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். மாப்பிள்ளை மட்டும் என்ன, சவூதியில் யான்பு ரிஃபைனரியில் ஆபீசர் என்று நானும் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

நஸீஹா மைக்கைப் பிடித்து பிரெஞ்சில் பேச ஆரம்பித்தாள். வெள்ளைக்காரர்கள், லெபனான்காரர்கள், மொரோக்கோக்காரர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். ஒரு வெள்ளைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். முப்பது வருஷமாக இவர் கழுவிய தட்டில் சாப்பிட்ட பிரான்ஸ், ஒரு நாளும் இவர் முகத்தைப் பார்த்ததில்லை; முதுகையாவது பார்க்கட்டும். பாரிஸில் இதை மாட்டியபோது பேப்பரில் எல்லாம் பெரிய சண்டையாம். எச்சில் தட்டுக்கு ஒரு சண்டை. நல்ல கூத்து!

"என்ன மச்சான் சொல்லுது புள்ள?" என்று என் வீட்டுக்காரர் செய்கு முகம்மது ஹசன் அலியிடம் கேட்டார்.

எங்கள் கூட்டத்தில் பிரெஞ்சு தெரிந்தவர் ஹசன் அலி ஒருவர்தான். அந்த ஏசி குளிரிலும் அவருக்கு நெற்றி வியர்த்திருந்தது.

"நம்ம ரெஸ்டாரண்டுல வேலை பாக்குற ஆளு மச்சான். அவனப் பத்தித்தான் பேசுறா. புள்ளைக்கு இரக்க சுபாவம்."

மைக்கில் பேச்சு சட்டென்று நின்று, பிறகு தொடர்ந்தது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் நன்றாகவே தெரியும்.

"எச்சித் தட்டு கழுவவா பாரிஸு வரைக்கும் போனான்? வெளங்கிடும்!" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

ஹசன் அலியும் சிரித்தார். அவரைவிடச் சத்தமாகவே சிரித்தார். சிரித்துக்கொண்டே படத்தைப் பார்க்கத் திரும்பினார்.

சுவரில் ஒரு முதுகு. அதற்கு நேர் கீழே கோட்டுப் போட்ட ஒரு முதுகு. இரண்டிலும் வலது தோள் ஒரே மாதிரி இறங்கியிருந்தது.

யா அல்லாஹ்! இவரேதானா அது? என் வீட்டுக்காரர் குனிந்து தம்ரூட் டப்பாவைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் பார்க்கவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். நஸீஹா நேராக வந்து வாப்பாவின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஊர்க்காரங்க வெக்கப்படணும்னுதானே வாப்பா எடுத்தேன். நீங்க எதுக்கு வெக்கப்படுறீங்க?"

"மெதுவாப் பேசு" என்றவர், எனக்குக் கேட்டுவிட்டதா என்று பார்த்தார். கேட்டுவிட்டது.

வேறு ஒருத்தியாக இருந்தால் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு சம்பந்தமே வேண்டாம் என்று கிளம்பியிருப்பாள். நான் கிளம்பவில்லை. தட்டு கழுவினாலும் பாஸ்போர்ட் பாஸ்போர்ட்தானே. எனக்குப் பயமெல்லாம் இந்தப் பெண்ணை நினைத்துத்தான். யார் எங்கே என்ன வேலை செய்கிறார்கள் என்று கேமராவும் கையுமாக அலைகிறவளை நிக்காஹ் வீட்டுக்குள் விட்டால் அந்த வீடு உருப்படுமா?

"காக்கா, நஸீஹாவுக்கு வேலை ஜாஸ்தி போல. நிக்காஹுக்கு வர நேரம் கெடைக்குமா என்ன?" என்றேன்.

ஹசன் அலி என் முகத்தையே பார்த்தார். மனிதர் புரிந்துகொண்டார். மகள் கையைப் பிடித்தபடி பக்கத்தில்தான் நிற்கிறாள். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"கெடைக்காது தங்கச்சி. அவ வரமாட்டா."

நஸீஹா கையை விட்டுவிட்டாள். அவர் போய் என் வீட்டுக்காரரோடு நின்று தம்ரூட் தின்றார். நல்ல நெய் மணம் என்று பாராட்டினார்.

அவள் கத்துவாள், எல்லோர் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவாள் என்று நான் தயாராக நின்றேன். பாவி மகள், என்னிடம் வந்து சிரிக்கப் பார்த்தாள்.

"பரவால்ல மாமி. தங்கச்சிக்காவது நல்ல வேலையில உள்ள மாப்பிள்ள கெடைச்சாரே. உம்மா பட்ட கஷ்டத்த அவ படவேணாம். நான் வராட்டியும் துஆ செய்றேன்."

"ஆமீன்" என்று அவள் தலையைத் தடவினேன்.

கைப்பையில் போன் அதிர்ந்தது. மகன்தான், வீடியோ கால். அவள் கண்ணில் படுவதற்குள் கட் செய்தேன்.

யான்பு கேம்ப் மெஸ்ஸில் அண்டா கழுவிக்கொண்டிருப்பவன், டூட்டி முடிந்து கையைத் துடைத்து நல்ல சட்டையாகப் போட்ட பிறகுதான் கூப்பிட வேண்டும் என்று எத்தனை தடவை சொல்வது?