ஒரு மிளகாய் போதும்

எட்டாவது மாடி பால்கனிக்குத் தேனீ வருவதில்லை. அதனால் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, பிரஷ் நுனியால் மிளகாய்ப் பூக்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுக்கிறார். பெயின்ட் டப்பாவில் ஊசி மிளகாய் வானம் பார்த்து நிற்கிறது. உடைந்த வாளியில் குண்டு மிளகாய் மாலை வெயில் பட்டு மினுங்குகிறது. ஓரத்தில் தோல் சுருங்கிய ஆரஞ்சு மிளகாய். தொட்டாலே விரல் எரியும். அழைப்பு மணி அடிக்கிறது. பிரஷைக் காதில் செருகிக்கொண்டு விரைகிறார். எதிர்வீட்டுப் பெண், கையில் கரண்டியோடு. "அண்ணே, ஒரு மிளகாய் கிடைக்குமா?" கை நிறையப் பறித்துவந்து நீட்டுகிறார். அவள் ஆரஞ்சு மிளகாய் ஒன்றை மட்டும் காம்பைப் பிடித்து எடுக்கிறாள். "ஒண்ணு போதும்ணே. போன மாசம் குடுத்ததே இப்பதான் தீர்ந்துச்சு. துளி கிள்ளிப் போட்டாலே வீடே தும்முது." அவர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். "காரம் கம்மியா ஒரு செடி வைக்கலாம்னு இருக்கேன்மா. தினம் நாலு வேணும்னாலும் வந்து..." "எதுக்குண்ணே உங்களுக்குச் சிரமம்? இதுவே ஒரு மாசத்துக்கு வரும்." அவள் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். உள்ளே யாரோ ஏதோ கேட்க, எல்லோரும் சிரிக்கிறார்கள். மெக்கானிக் மிச்ச மிளகாய்கள் குவிந்த கையை மடக்காமல், தன் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறார்.